பச்சிளங்குழந்தைக்கு மாற்று மருந்து: தட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் அறிந்திருக்க வேண்டியவை

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு லேசிக்ஸ் ஊசி ஒரு வேளைக்கு எவ்வளவு போடுவார்கள்? வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம். கடைகளில் கிடைக்கும் ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஆக அந்தக் குழந்தைக்குத் தேவை 0.1 மில்லி. ஏறக்குறைய இரண்டு சொட்டு.

இந்த இரண்டு சொட்டு கையிருப்பில் இல்லாத நாளில் என்ன செய்வது? 'அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து இருக்கிறதே' என்பதுதான் உடனே வரும் பதில். பெரியவர்களின் வார்டில் அந்தப் பதில் பெரும்பாலும் செல்லுபடியாகும். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கிறோம். நாம் மருத்துவர் அல்ல. எந்தக் குழந்தைக்கு எது என்று முடிவு செய்வது சிகிச்சை தரும் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதியில் வாழும் நமக்கு, மருந்து எப்படித் தட்டுப்பாடாகிறது, அவசரமாகத் தேடிய மாற்று எப்படி உயிரைப் பறிக்கிறது என்ற இரண்டுமே தொலைதூரச் செய்திகள் அல்ல. இரண்டும் நம் சாலையிலேயே நடந்திருக்கின்றன.

மருந்து செய்யும் வேலை

லேசிக்ஸ் என்ற பெயரில் நாம் அறிந்த மருந்தின் மூலப்பெயர் ஃபுரோசமைடு. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஒரு வளைந்த பகுதி உண்டு. அங்கே சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகிய உப்புகள் மீண்டும் இரத்தத்துக்கு உறிஞ்சப்படுகின்றன. இந்த மருந்து அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. உப்பு வெளியேற, அதோடு நீரும் வெளியேறுகிறது. பிறவி இதயக் குறைபாட்டால் நுரையீரலில் நீர் கோத்த குழந்தை, இதய அறுவை முடிந்த குழந்தை, பல வாரங்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து நுரையீரல் கெட்டிப்பட்ட குறைமாதக் குழந்தை ஆகியோருக்கு இது தேவைப்படலாம். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென வெளியிடும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. விலை மலிவு, பழைய மருந்து. பெரிய இலாபம் இல்லாத இத்தகைய ஊசி மருந்துகள்தாம் உலகெங்கும் முதலில் தட்டுப்பாடாகின்றன.

பெரியவர் உடலில் இந்த மருந்தின் பாதி ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் நீங்கிவிடும். மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் அதே பாதி நீங்க 20 மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. அதனால்தான் நிறைமாதக் குழந்தைக்கு 12 மணிக்கு ஒருமுறை தரும் மருந்தைக் குறைமாதக் குழந்தைக்கு 24 மணிக்கு ஒருமுறை என்று நிறுத்துகிறார்கள். இடைவெளியைக் கவனிக்காவிட்டால் மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படலாம். அதே குழந்தைக்குக் கிருமித்தொற்றுக்காக ஜென்டமைசின் ஊசியும் போய்க்கொண்டிருந்தால் ஆபத்து கூடும். நீண்ட நாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் கூடுதலாக வெளியேறி, சிறுநீரகத்திலேயே படிவதும், எலும்பு பலவீனப்படுவதும் உண்டு.

ஆக, முதல் மருந்தே குழந்தையிடம் எச்சரிக்கையோடு நடத்தப்பட வேண்டிய ஒன்று. ஏறக்குறைய அறுபது ஆண்டு அனுபவமுள்ள மருந்தின் நிலையே இது. அதற்குப் பதிலாக வரும் மருந்தைப் பற்றி மருத்துவ உலகுக்கே தெரிந்தது இதைவிடக் குறைவு.

முதல் மாற்று: மருந்தே வேண்டாமா என்று கேட்பது

தட்டுப்பாடு வந்தால் நல்ல மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி 'இந்தக் குழந்தைக்கு இது உண்மையிலேயே தேவையா?' என்பதுதான். குறைமாதக் குழந்தைகளின் ஆரம்பநாள் மூச்சுத்திணறலுக்கு இதை வழக்கமாகக் கொடுப்பதால் நீடித்த நன்மை உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்று, உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுரை முடிவு செய்திருக்கிறது. பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை குறைவதும் நீர் வடிவதும் இயல்பு. நிறைமாதக் குழந்தை பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை இழந்து பிறகு மீட்கும். குறைமாதக் குழந்தை இன்னும் சற்றுக் கூடுதலாக இழக்கலாம்.

இந்த இடத்தில் செவிலியரின் தராசு மருந்துக்குச் சமமான கருவி. குழந்தையை நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது, நனைந்த டயப்பரை எடை போட்டு ஒரு கிராமை ஒரு மில்லி சிறுநீராகக் கணக்கிடுவது, நரம்பு வழியே போகும் திரவத்தை மில்லி மில்லியாகக் குறைப்பது, குழாயைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் உப்புநீரில் எவ்வளவு சோடியம் உள்ளே போகிறது என்று கூட்டிப் பார்ப்பது. இவற்றைச் சரியாகச் செய்யும் பிரிவில் நீர் பிரியும் மருந்தின் தேவையே குறைந்துவிடும்.

சிறுநீரகமே வேலை செய்யாமல் சிறுநீர் நின்றுவிட்ட குழந்தைக்கு எந்த நீர் பிரியும் மருந்தும், அசலோ மாற்றோ, சிறுநீரகத்தை உயிர்ப்பிக்காது. அங்கே தேவைப்படுவது வயிற்று வழி டயாலிசிஸ். அதைச் செய்ய வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு அனுப்புவதுதான் அங்கே 'மாற்று'. நம் பகுதியிலிருந்து பார்த்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் பெற்றோர் அறிந்து வைத்திருக்க வேண்டிய இடங்கள்.

இரண்டாவது மாற்று: இருப்பதை வீணாக்காமல் இருப்பது

ஒரு ஆம்பூலில் இரண்டு மில்லி, அதாவது 20 மில்லிகிராம். ஒரு கிலோ குழந்தைக்கு வேண்டியது 1 மில்லிகிராம். மீதி 19 மில்லிகிராம் குப்பைக்குப் போகிறது. கையிருப்பு குறைந்த நாளில் ஒரு ஆம்பூலைப் பல குழந்தைகளுக்குப் பிரித்துத் தருவது அறிவுக்கு உகந்ததாகவே தோன்றும். ஆனால் அதைச் செய்ய வேண்டிய இடம் மருத்துவமனையின் மருந்தகத்தில் உள்ள கிருமி நீக்கிய காற்றோட்ட மேசை. அங்கே தனித்தனி சிரிஞ்சுகளில் நிரப்பி, பெயரும் நேரமும் எழுதி அனுப்பலாம். வார்டு மேசையில் உடைத்த ஆம்பூலைப் பஞ்சால் மூடி வைத்து மாலை வரை எடுத்துப் பயன்படுத்தினால், நீர் கோத்தலுக்குப் பதில் இரத்தத்தில் கிருமித்தொற்று வரும். கிருமியைத் தடுக்கும் பாதுகாப்பு வேதிப்பொருள் அந்த ஆம்பூலில் இருக்காது. வெளிச்சம் பட்டால் மருந்தும் கெடும். அமிலத்தன்மை உள்ள வேறு மருந்தோடு ஒரே குழாயில் கலந்தால் திரிந்து படியும்.

ஊசி இல்லை, மாத்திரை இருக்கிறது என்றால்? வாய்வழி தரலாம். ஆனால் குடலில் உறிஞ்சப்படும் அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும். அதனால் வாய்வழி அளவு ஊசியின் அளவைவிடக் கூடுதலாக, சில வேளை இருமடங்காக வைக்கப்படுகிறது. 40 மில்லிகிராம் மாத்திரையை நசுக்கிக் கரைத்து அதிலிருந்து ஒன்றிரண்டு மில்லிகிராமை எடுப்பது வீட்டு அடுப்பங்கரையில் செய்யும் காரியமல்ல. மருந்தாளுநர் தயாரிக்க வேண்டும்.

வேறு மருந்துகள்

இனி, உண்மையிலேயே வேறு மருந்துக்குப் போக வேண்டிய நிலை. முதலில் நினைவுக்கு வருவது பூமெட்டனைடு. ஃபுரோசமைடு வேலை செய்யும் அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. ஆனால் வீரியம் ஏறக்குறைய நாற்பது மடங்கு. 40 மில்லிகிராம் ஃபுரோசமைடு செய்யும் வேலையை 1 மில்லிகிராம் பூமெட்டனைடு செய்துவிடும். இப்போது முதல் பத்தியில் சொன்ன ஒரு கிலோ குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் சீட்டில் '1 மில்லிகிராம்' என்று எழுதியிருக்கிறது. மருந்தின் பெயர் மட்டும் மாறி, எண் மாறாமல் போனால், ஒரு வளர்ந்த மனிதருக்குரிய அளவு அந்தக் குழந்தையின் உடலில் இறங்கும். பூமெட்டனைடைப் பொறுத்தவரை குழந்தைக்குரிய அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை, பெரும்பாலும் அதற்கும் கீழேதான். புள்ளிக்குப் பின் வரும் பூஜ்யம்தான் இங்கே உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்கிறது.

இந்த மருந்தைப் பச்சிளங்குழந்தைகளிடம் முறையாகச் சோதித்த ஓர் ஆய்வு ஐரோப்பாவில் நடந்தது. நீர் பிரிவதற்காக அல்ல, வலிப்பை நிறுத்த உதவுமா என்று பார்ப்பதற்காக. நெமோ என்ற அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 14 குழந்தைகள். உயிர்பிழைத்த 11 பேரில் 3 பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2015இல் வெளியானது. ஒரே குடும்பத்து மருந்து என்பதால் ஒரே மாதிரியான பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டோர்செமைடு. இதய நோயாளிகளான பெரியவர்களுக்கு நன்கு பழகிய மருந்து. வாய்வழி 20 மில்லிகிராம் டோர்செமைடு ஏறக்குறைய 40 மில்லிகிராம் ஃபுரோசமைடுக்குச் சமம். குறைமாதக் குழந்தைகளிடம் இதைப் பற்றிய அனுபவம் மிகக் குறைவு. எளிதாகக் கிடைக்கிறது என்பது மட்டும் அதற்குத் தகுதியாகிவிடாது.

ஹைட்ரோகுளோரோதயசைடும் ஸ்பைரோனோலாக்டோனும் வாய்வழி தரும் மென்மையான மருந்துகள். நாள்பட்ட நுரையீரல் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு இவற்றைச் சேர்த்துத் தருவதுண்டு. முதலாவது, சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து வீணாவதைக் குறைக்கும் என்பது ஒரு நன்மை. சோடியமும் பொட்டாசியமும் குறையலாம் என்பது அதன் தீமை. இரண்டாவது, பொட்டாசியத்தைத் தேக்கும். அது வேலை செய்யத் தொடங்கவே சில நாட்கள் ஆகும். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு இன்றிரவு வேண்டிய பலனை இவை தராது. மெதுவாகப் போகலாம் என்ற நிலையில் உள்ள குழந்தையை இவற்றுக்கு மாற்றிவிட்டு, மிச்சமாகும் ஊசியை இதய அறுவை முடிந்த குழந்தைக்கு வைத்துக்கொள்வதே இவற்றின் சரியான பயன்.

அசிட்டசோலமைடு என்றொரு மருந்து உண்டு. மூளைக்குள் இரத்தம் கசிந்து நீர் கோத்த குறைமாதக் குழந்தைகளுக்கு இதையும் ஃபுரோசமைடையும் சேர்த்துக் கொடுத்தால் அறுவையைத் தவிர்க்கலாம் என்று நம்பினார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. மருந்து பெற்ற குழந்தைகளிடம் மரணமும் நரம்புப் பாதிப்பும் கூடியிருந்தன. மானிட்டால் பெரியவர்களின் மூளை வீக்கத்துக்குப் பயன்படுவது. குறைமாதக் குழந்தையின் மெல்லிய மூளை இரத்தநாளங்களுக்கு அது ஆபத்து. இவை இரண்டையும் 'அதுவும் நீர் பிரிக்கும் மருந்துதானே' என்று எடுத்துவிடக் கூடாது.

மருந்தோடு வரும் மற்றொன்று

ஒரு குப்பியில் மருந்து மட்டும் இருப்பதில்லை. மருந்தைக் கரைக்கும் திரவம், கெடாமல் காக்கும் வேதிப்பொருள், இனிப்பு, நிறம் எல்லாம் இருக்கின்றன. பெரியவர் உடல் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. குறைமாதக் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் இவற்றைச் சமாளிக்கத் தெரியாதவை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் சிலர் காரணம் தெரியாமல் மூச்சிரைத்து இறந்தனர். விசாரித்தபோது, குழாயைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீரில் கெடாமலிருக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹால்தான் காரணம் என்று தெரிந்தது. 1982இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. மேலே சொன்ன பூமெட்டனைடு ஊசியின் சில தயாரிப்புகளில் இதே பென்சைல் ஆல்கஹால் இருக்கிறது. ஃபுரோசமைடின் வாய்வழித் திரவத் தயாரிப்புகள் சிலவற்றில், வெளிநாடுகளில், எத்தனால் கலந்திருக்கிறது. ஆகவே மாற்று மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் லேபிளின் சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும்.

இந்தச் சிறிய எழுத்துகளின் பெரிய விலையை நம் பகுதி 2025இல் கண்டது. சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரேசன் ஃபார்மா நிறுவனத்தின் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதிக்குப் போயிற்று. அதைக் குடித்த சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது, சிறுநீரகம் செயலிழந்தது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அந்த ஒரு தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். அக்டோபர் 13 அன்று உரிமம் ரத்து செய்யப்பட்டது.

அங்கே நடந்ததும் ஒரு 'மாற்று'தான். மருந்துத் தரமுள்ள புரோப்பிலீன் கிளைக்காலின் இடத்தில் தரம் சோதிக்கப்படாத கரைப்பான் வந்து உட்கார்ந்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சுவையும் இனிப்பு. உலகுக்கு இது புதிதல்ல. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரையும், 2022இல் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் இதே நஞ்சு கொன்றது. 1972இல் சென்னையிலேயே இதே காரணத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே ஊருக்கு அருகில் அதே நஞ்சு என்பதைக் கண்காணிப்பின் தோல்வி என்றுதான் நாம் சொல்வோம்.

தட்டுப்பாடு எப்படி வருகிறது

ஸ்ரீபெரும்புதூரை கார் தொழிற்சாலை ஊர் என்றுதான் வெளியார் அறிவர். இருங்காட்டுக்கோட்டையில் ஊசி மருந்து தயாரிக்கும் பெரிய ஆலையும் இருந்தது. ஆர்க்கிட் நிறுவனத்தின் ஊசி மருந்துத் தொழிலை 2010இல் ஹோஸ்பிரா வாங்கியது. ஹோஸ்பிராவை 2015இல் ஃபைசர் வாங்கியது. 2019 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை, ஔரங்காபாத் ஆகிய இரு ஆலைகளிலும் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபைசர் அறிவித்தது. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,700 பேர் வேலை பார்த்தனர். அந்த ஆலைகளின் முக்கிய உற்பத்தி நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள், நீர் பிரியும் மருந்தல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. கிருமியற்ற ஊசி மருந்து ஆலையைக் கட்ட ஆண்டுகள் ஆகும். மூட ஓர் அறிவிப்பு போதும்.

2022இன் இறுதியில் குஜராத்தில் இன்டாஸ் நிறுவனத்தின் ஓர் ஆலையில் அமெரிக்க அதிகாரிகள் கடுமையான குறைகளைக் கண்டனர். உற்பத்தி நின்றது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் ஊசி கிடைக்காமல் நோயாளிகள் வரிசையில் நின்றனர். ஒரே ஆலையை நம்பியிருந்ததன் விளைவு அது.

நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை. தேவையான மருந்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு அது. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது, பேராதனை மருத்துவமனை திட்டமிட்ட அறுவைகளை நிறுத்தி வைத்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் வைக்கும் குழாய்கள் தீர்ந்துகொண்டிருப்பதாகவும், பயன்படுத்தியவற்றை எறியாமல் சுத்தம் செய்து வைக்கும்படியும் அந்நாட்டுப் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் பகிரங்கமாக எழுத வேண்டி வந்தது. அதைவிடக் கசப்பானது பின்னால் நடந்தது. தட்டுப்பாட்டைச் சொல்லி அவசரக் கொள்முதல் நடந்தது. அந்த வழியில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிகள் அரசு மருத்துவமனைகளுக்குள் வந்ததாக எழுந்த வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். மருந்து இல்லாததால் வந்த ஆபத்து ஒன்று. 'எப்படியாவது கிடைத்தால் போதும்' என்ற மனநிலையால் வந்த ஆபத்து மற்றொன்று.

தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் இந்த வகையில் நமக்குக் கிடைத்த நற்பேறு. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீடு இட்டு ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பிச் சோதித்த பிறகே வழங்குகிறது. தாமதம் என்று சிலர் குறைப்படலாம். அந்தத் தாமதத்தில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

மார்க்கத்தின் பார்வை

நிர்ப்பந்தம் (ளரூரத்) தடைகளைத் தளர்த்தும் என்ற ஃபிக்ஹு விதியை நம் மக்கள் நன்கு அறிவார்கள். அதன் கூடவே சொல்லப்படும் விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அந்தத் தளர்வு நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான், அதற்கு மேல் இல்லை. ஒரு தீங்கை அதே அளவு தீங்கைக் கொண்டு நீக்கக் கூடாது என்பதும் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட விதி. இவற்றை நம் விஷயத்துக்குப் பொருத்தினால், குறைவாகச் சோதிக்கப்பட்ட மருந்தைக் கையாளத் தட்டுப்பாடு அனுமதி தரலாம். கணக்கிடாமல் கையாளவும், பரிசோதனை செய்யாமல் தொடரவும், பெற்றோரிடம் மறைக்கவும் அது அனுமதி தராது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலில் இதை விரித்து, மருத்துவர்களை ஐந்து வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். திறமையும் உண்டு, தொழிலுக்குரிய கடமையையும் செய்தார், எல்லை மீறவில்லை, ஆனாலும் தீங்கு நேர்ந்தது என்றால் அவர்மீது பொறுப்பு இல்லை. அறியாதவர் அறிந்தவர்போல நடந்தால் பொறுப்பு உண்டு. திறமையானவரின் கை தவறினாலும் ஈட்டுத்தொகை பற்றிய பேச்சு வருகிறது. சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் தவறினாலும் அப்படியே. நோயாளியின் அல்லது பொறுப்பாளரின் (வலீ) அனுமதியின்றிச் செய்தவரைப் பற்றியும் தனியாகப் பேசுகிறார்கள். அதில் அறிஞர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. நம் கவனத்துக்குரியது, ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே 'திறமை', 'கவனம்', 'அனுமதி' மூன்றையும் தனித்தனியாக வைத்து அவர்கள் விசாரித்திருக்கிறார்கள் என்பது. மருந்தின் பெயர் மாறும்போது இந்த மூன்றும் மறுபடி கேட்கப்பட வேண்டும்.

பெற்றோர் நம்மிடம் கேட்கும் ஹலால், ஹராம் கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவோம். ஃபுரோசமைடு செயற்கையாகத் தயாரிக்கப்படும் வேதிப்பொருள், விலங்கிலிருந்து வருவதல்ல. கரைப்பானாக எத்தனால் உள்ள மருந்தை, வேறு வழி இல்லாதபோது மருத்துவர் சொல்லும் அளவில் பயன்படுத்த அறிஞர்கள் இடம் தருகிறார்கள். ஆனால் குறைமாதக் குழந்தையைப் பொறுத்தவரை எத்தனால் முதலில் மருத்துவப் பிரச்சினை. இதே பிரிவில் நுரையீரல் விரிவதற்காகத் தரும் சர்ஃபாக்டன்ட் மருந்துகளில் கியூரோசர்ஃப் பன்றி நுரையீரலிலிருந்தும், சர்வான்டா மாட்டின் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்படுவது. இரண்டும் கையிருப்பில் இருந்தால் மாட்டினுடையதைக் கேட்பதில் தவறில்லை. ஒன்றுதான் இருக்கிறது, குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. அங்கே நிர்ப்பந்தம் உண்மையானது.

கடைசி ஆம்பூல் யாருக்கு என்ற கேள்வியும் வரலாம். மருத்துவத் தேவை கூடியவருக்கு. பணம் கட்டியவருக்கு, சிபாரிசு கொண்டுவந்தவருக்கு என்பது அமானிதத்துக்கு மோசம் செய்வது.

'வெளியில் வாங்கி வாருங்கள்' என்று சீட்டு வந்தால்

கையிருப்பு இல்லாதபோது பெற்றோர் கையில் சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்புவது நடக்கிற ஒன்று. இரவு ஷிப்ட் முடித்து வந்த தந்தை, ஒரகடம் பக்கம் மூடிய கடைகளைத் தட்டிக்கொண்டு நிற்பார். 'அது இல்லை, இதுவும் அதே மாதிரிதான், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்' என்று மெடிக்கலில் சொல்வார்கள். வாங்காதீர்கள். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளில், எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாகவே தரக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் சொல்கின்றன. அங்கிருந்தே வார்டுக்குப் போன் செய்து பேசவையுங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டால் புதிய பெயரையும் புதிய அளவையும் புதிதாக எழுதி வாங்குங்கள். பழைய சீட்டில் பெயரை மட்டும் அடித்துத் திருத்த விடாதீர்கள். நாற்பது மடங்குக் கணக்கு நினைவிருக்கட்டும்.

பில் கேளுங்கள். பில்லில் தொகுதி எண் இருக்கும். அந்த எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். காலாவதி நாளைப் பாருங்கள். ஆம்பூலைக் குப்பையில் போடுவதற்கு முன் பெட்டியின் படம் ஒன்று போனில் இருக்கட்டும். கோல்ட்ரிஃப் விவகாரத்தில் எந்தத் தொகுதி என்று அடையாளம் காண முடிந்ததால்தான் மீதிப் பாட்டில்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

மருந்து மாற்றப்பட்டது என்று தெரிந்தால் மருத்துவரிடம் கேட்க நான்கு விஷயம் போதும். எதற்குப் பதிலாக எது? அளவை யார் கணக்கிட்டார், இன்னொருவர் சரிபார்த்தாரா? இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் எப்போது பார்ப்பீர்கள்? வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் காது பரிசோதனை உண்டா? எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இந்தத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளம் பெற்றோர் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழில் சொல்லும் விளக்கத்துக்குத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது அனுமதி ஆகாது. உருதும் இந்தியும் பேசத் தெரிந்த இளைஞர்கள் நம் ஜமாஅத்களில் இருக்கிறார்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இரண்டு பேருடைய போன் எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, 'மருத்துவமனை மொழிபெயர்ப்பு உதவி' என்று எழுதி வைத்தால் போதும். எந்த மதத்தவர் அழைத்தாலும் போக வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'குழந்தைக்கு அவசரம், இந்த ஊசி வேண்டும்' என்ற செய்தி வந்தால், மருத்துவமனை, வார்டு, மருந்தின் மூலப்பெயர், மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்ற நான்கும் இல்லாமல் பகிராதீர்கள். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கி மிஞ்சிய ஆம்பூலை நல்லெண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அது எந்த வெப்பத்தில், எந்த வெளிச்சத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

மருந்து கொடுத்த பிறகு குழந்தையிடம் எதிர்பாராத மாற்றம் தெரிந்தால் முதலில் வார்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பின் இலவச எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்ல, பெற்றோரும் அழைக்கலாம். அழைக்கும்போது மருந்தின் பெயர், தொகுதி எண், கொடுத்த நாள், நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.